அஞ்சலுடன் வரும் கோப்புகள்

நூல் விலைப்பட்டியலும், விளைபொருள் ஆர்டரும், வங்கிக் கணக்கு விவரமும் இன்று சங்க அலுவலகங்களுக்கு மின்னஞ்சல் வாயிலாகவே வருகின்றன. அவ்வஞ்சலுடன் சேர்த்தனுப்பும் கோப்பை இணைப்பு என்கிறோம். இணைப்புகளுள் சில பெருந்தீங்கு விளைக்க வல்லவை. அஞ்சல் மென்பொருள் நம்மை எவ்வாறு காக்கிறது, அக்காப்பு எதுவரை செல்லும் என்பதை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம்.

கோப்புகளுள் படிப்பதற்குரியவை ஒருவகை. கணினிக்குக் கட்டளையிடுபவை மற்றொரு வகை. பின்னதைத் திறந்தவுடன் அதிலுள்ள கட்டளைகளைக் கணினி நிறைவேற்றத் தொடங்கும். 2000ஆம் ஆண்டு மே மாதம் பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து புறப்பட்ட 'ஐ லவ் யூ' என்னும் கணினிப் புழு இவ்வகையினதே. காதற் கடிதம் என்ற பெயருடன் வந்த அக்கோப்பின் பெயர் 'டி.எக்ஸ்.டி.' என்று முடிவதுபோல் தோன்றிற்று. உண்மையான ஈறாகிய 'வி.பி.எஸ்.' என்பதை விண்டோஸ் மறைத்துவிட்டமையால், பலர் அதனைச் சாதாரணக் கடிதமென்றெண்ணித் திறந்தனர். அது அவர்தம் முகவரிப் பட்டியலிலிருந்தோர்க்கெல்லாம் தன்னை அனுப்பிக்கொண்டதுடன், படங்கள் முதலிய கோப்புகளையும் சிதைத்தது.

அவ்வாண்டே மைக்ரோசாப்ட் நிறுவனம், தனது அவுட்லுக் மென்பொருள் இத்தகைய கட்டளைக் கோப்புகளைத் திறக்கவொட்டாது தடுக்குமாறு செய்தது. ஜிமெயிலும் இவற்றை ஏற்பதில்லை. 'ஜிப்' கோப்பினுள் பொதிந்தனுப்பினும் தடுக்கிறது. அஞ்சலில் வரும் வேர்டு, எக்செல் கோப்புகள் முதலில் படிக்க மட்டும் இயலும் நிலையில் திறக்கும். இணையவழி வரும் அக்கோப்புகளிலுள்ள 'மேக்ரோ' என்னும் கட்டளைகளையும் மைக்ரோசாப்ட் 2022 முதல் தடுத்து வருகிறது.

ஆயினும், கடவுச்சொல்லிட்டுப் பூட்டிய கோப்பின் உள்ளே இருப்பதை அஞ்சல் மென்பொருள் பெரும்பாலும் சோதிக்க இயலாது. வஞ்சகர் இதனை நன்கறிவர். 'நிலுவைப் பட்டியல் இணைத்துள்ளோம். கடவுச்சொல் கீழே' என எழுதுவர். பூட்டையும் சாவியையும் ஒரே அஞ்சலில் அனுப்புவானேன்? அப்பூட்டு திருடனைத் தடுப்பதற்கன்று, சோதிப்பவனைத் தடுப்பதற்கே.

ஆதலின், எதிர்பாராத இணைப்பு எதுவாயினும், அனுப்பியவரைச் சங்கப் பதிவேட்டிலுள்ள எண்ணில் அழைத்துக் கேட்ட பின்னரே திறத்தல் வேண்டும். அஞ்சலில் கண்ட எண்ணை நம்பலாகாது. 'அனுமதி' என்னும் பொத்தானை அவசரப்பட்டு அழுத்தலாகாது. கணக்குகளின் பிரதியொன்றைக் கணினியோடு இணையாத தனி வட்டில் வாரந்தோறும் எடுத்து வைத்தல் வேண்டும்.

நெசவாளரின் சிக்கனச் சேமிப்பும் உழவரின் கடன் கணக்கும் அக்கணினியில் உள்ளன. மென்பொருள் முதற்காவல், அலுவலரின் நிதானமே கடைசிக் காவல்.