காலூன்றாத குஞ்சு

அம்மாயி காலத்தில் எங்கள் கொங்குப் பக்கத்து வீடுகளில் கோழிக்குஞ்சுக்குக் கால் வைத்தியம் என்று தனியாக ஒன்று கிடையாது. பழைய மூங்கில் கூடையில் பாதிக்கு மணல், அதன்மேல் வைக்கோல், நடுவில் கையால் அழுத்திய பள்ளம், இடி விழுந்தால் முட்டை கூழாகிவிடும் என்று ஓரமாக ஓர் இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும். பொழுது சாய்ந்ததும் கோழியை உட்கார வைத்தால் 21ஆம் நாள் கூடைக்குள் கீச்சுச் சத்தம் கேட்கும். குஞ்சு முதன்முதலில் கால் பதித்தது வைக்கோலில். தாயின் வயிற்றுக்கடியில் கால்கள் ஒடுங்கியே இருந்தன. விரல் பற்றிக்கொள்ள வைக்கோல் இருந்தது. கூடையை விட்டு இறங்கினால் சாணி மெழுகிய வாசல், அதைத் தாண்டினால் களத்துமண், எருக்குழி. வழுக்குகிற தரை அந்த வீட்டில் எங்குமே இல்லை.

அந்தக் காலத்தில் எல்லாமே நன்றாக இருந்தது என்று நான் சொல்லவில்லை. நொண்டிக்குஞ்சுக்காகத் தாய்க்கோழி காத்திருக்காது. பின்தங்கியதைப் பருந்தோ காக்கையோ கீரியோ கொண்டுபோய்விடும். “அது தேறாது கண்ணு, விட்ரு” என்று அம்மாயி அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார். கால் கோணிய குஞ்சுகளை அன்று அதிகம் பார்க்காததற்கு, அவை பார்க்கும் அளவுக்கு உயிரோடு இருந்ததில்லை என்பதும் ஒரு காரணம்.

இன்று அதே ஊரில் தெருவுக்கு நாலு வீட்டில் இன்குபேட்டர் இருக்கிறது. தெர்மக்கோல் பெட்டி, பல்பு, சின்ன விசிறி, 37.5 டிகிரியில் நிறுத்தும் கருவி. நாட்டுக்கோழிக்கு விலை இருப்பதால் கல்லூரி முடித்த பிள்ளைகள்கூடப் பொரித்து விற்கிறார்கள். குஞ்சு ஓட்டை உடைத்து வெளியே வருவது வழவழப்பான பிளாஸ்டிக் தட்டில். அங்கிருந்து போவது செய்தித்தாள் விரித்த அட்டைப்பெட்டிக்கு. ஈரம் காயாத குஞ்சு எழ முயலும்போதெல்லாம் கால் ஆளுக்கொரு பக்கம் வழுக்குகிறது. ஒரு நாள் முழுக்க இப்படியே வழுக்கினால் தொடை மூட்டுத் தளர்ந்து, கால் விரிந்தபடியே நின்றுவிடுகிறது. பெட்டிக்குள் சூடு கூடிக் குறைந்தாலும் இதே கோளாறு வரும். ஆனால் நான் பார்த்தவரை முதல் குற்றவாளி தரைதான்.

பக்கத்து வீட்டுத் தம்பி ஒருநாள் காலையில் வேலியோரம் வந்து நின்றான். “அக்கா, ரெண்டு குஞ்சு தவளையாட்டம் படுத்துக் கெடக்குதுங்க. நிக்கவே மாட்டேங்குது.” போய்ப் பார்த்தேன். பொரித்து ஒரு நாள்கூட ஆகவில்லை. கண் தெளிவு, குரல் தெளிவு. கால் மட்டும் இரண்டு பக்கமும் நீண்டு கிடந்தது. காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி ஒன்றை எடுத்து நீளவாக்கில் இரண்டாக வெட்டினோம். பஞ்சு வைத்த நடுப்பகுதி இரு கால்களுக்கும் இடையில் வரவேண்டும். ஒட்டும் நுனிகளை முட்டிக்குக் கீழே ஒவ்வொரு காலையும் சுற்றி ஒட்டவேண்டும். இறுக்கக் கூடாது, ரத்த ஓட்டம் நின்றுவிடும். கால்களுக்கு நடுவில் ஏறக்குறைய ஓர் அங்குலம் இடைவெளி, அதாவது நல்ல குஞ்சு இயல்பாக நிற்கும் அகலம். செய்தித்தாளை எடுத்துவிட்டுப் பழைய தேங்காய்ப்பூத் துண்டை விரித்தோம். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டோம், கால் கட்டிய குஞ்சு விழுந்தால் எழ முடியாது என்பதற்காக. முதல் ஒரு மணி நேரம் அது கவிழ்ந்து கவிழ்ந்து விழும். பார்க்கச் சங்கடமாக இருக்கும். அவிழ்த்துவிடக் கூடாது. மறுநாள் ஒருமுறை அவிழ்த்து நிற்கிறதா என்று பார்க்கலாம். இல்லையென்றால் இன்னும் இரண்டு நாள் கட்டு. அவனுடைய குஞ்சு இரண்டும் நடந்தன. இதே வேலையை ஒரு வாரம் தள்ளிச் செய்திருந்தால் எலும்பு அந்தக் கோணலிலேயே முற்றியிருக்கும்.

விரல் மடங்கிப் பிறக்கும் குஞ்சுக்கும் இதுபோல எளிய வழி உண்டு. கல்யாணப் பத்திரிகை அட்டையைக் காலளவுக்கு வெட்டி, விரல்களை விரித்து அதன்மேல் வைத்து ஒட்டிவிட்டால் ஓரிரு நாளில் நேராகிவிடும். ஆனால் நன்றாக நடந்துகொண்டிருந்த குஞ்சு இரண்டாவது வாரத்தில் விரலை உள்பக்கம் சுருட்டிக்கொண்டு முட்டியால் நடந்தால், அட்டையால் பயனில்லை. அது ரைபோஃபிளேவின் என்னும் பி2 வைட்டமின் குறைந்து நரம்பு தளர்வது. கால்நடை மருத்துவரிடம் அளவு கேட்டு உடனே கொடுத்தால் மீளும். நாள் தள்ளினால் நரம்பு திரும்பாது.

தீவனத்தின் கதை இந்த இடத்தில்தான் நுழைகிறது. தீனியும் காலும் ஒன்றோடொன்று கட்டுண்டவை என்று உலகத்துக்குக் காட்டியதே கோழிதான், அதுவும் அரிசி தின்ற கோழி. 1890ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜாவாவின் பத்தேவியாவில் டச்சு மருத்துவர் ஐக்மன் வளர்த்த கோழிகள் கால் மடங்கி விழுந்தன. ராணுவ மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோறுதான் அவற்றுக்குத் தீனி. சமையல்காரர் மாறினார். ராணுவத்து அரிசியை ராணுவத்தைச் சேராத கோழிகளுக்குத் தரமாட்டேன் என்று புதியவர் மறுத்ததால் கோழிகள் தீட்டாத அரிசிக்கு மாறின, எழுந்து நடந்தன. பி1 வைட்டமினைத் தேடிச் சென்ற பாதை அங்கே தொடங்கியது. 1929இல் ஐக்மனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. எங்கள் வீட்டுக் குஞ்சுகள் தின்றது புழுங்கலரிசிக் குருணையும் தவிடும். தீட்டும்போது அரிசியை விட்டுப் போவது தவிட்டில்தானே இருக்கிறது!

கரையான் பானையையும் சொல்லவேண்டும். கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, கொஞ்சம் வைக்கோல் எல்லாவற்றையும் பழம்பானையில் திணித்து, தண்ணீர் தெளித்து, வேலியோரப் புற்று மண்ணில் சாயங்காலம் கவிழ்த்து வைப்பார்கள். விடிந்து புரட்டினால் உள்ளே வெள்ளை வெள்ளையாகக் கரையான் மொய்த்திருக்கும். தட்டிவிட்டால் நொடியில் குஞ்சுகள் சூழ்ந்துகொள்ளும். புரதமும் பி வைட்டமின்களும் காசில்லாமல் கிடைத்த வழி அது.

வெயிலின் கணக்கு இன்னொன்று. 1920களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹார்ட், ஹால்பின், ஸ்டீன்பாக் ஆகியோர் குளிர்காலத்தில் வீட்டுக்குள் அடைத்து வளர்த்த குஞ்சுகளின் கால் தளர்வை ஆராய்ந்தார்கள். வெயிலும் மீனெண்ணெயும் அதைத் தடுத்தன. குறைந்திருந்தது டி வைட்டமின். ஆண்டு முழுக்கக் கோழியைக் கொட்டகைக்குள்ளேயே வளர்க்க அந்த அறிவுதான் வழி திறந்தது. நம் ஊரில் வாசலில் மேயும் குஞ்சுக்கு இந்தத் தொல்லை அரிது. ஆனால் மாடியறையில், கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் வளர்க்கிறவர்கள் கவனிக்கவேண்டும்: டி வைட்டமினை உண்டாக்கும் கதிர் கண்ணாடியைத் தாண்டாது. கம்பெனித் தீவனத்தில் டி3 சேர்த்திருப்பார்கள். வீட்டிலேயே மக்காச்சோளம் அரைத்துப் போடுகிறவர்களின் குஞ்சுக்குத்தான் ஆபத்து.

மக்காச்சோளத்தில் மாங்கனீசும் குறைவு. மாங்கனீஸ் குறைந்தால் முட்டி வீங்கி, அதன் பின்னால் ஓடும் தசைநாண் பள்ளத்தை விட்டு நழுவி, கால் பக்கவாட்டில் திருகிவிடும். 1936இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இதைக் கண்டுபிடித்தார்கள். நழுவிய நாணை ஆரம்பத்திலேயே மருத்துவர் தள்ளிக் கட்டினால் சில நேரம் நிற்கும். முழுதும் திருகிய காலை எந்த மருந்தும் நிமிர்த்தாது. அப்படிப்பட்ட குஞ்சைத் தரையில் இழுபட விட்டு நாள்கணக்கில் வதைப்பதைவிட, வலியில்லாமல் முடித்துவிட மருத்துவரைக் கேட்பதே இரக்கம் என்பது என் எண்ணம்.

கட்டுப்போடுமுன் வேறு நோயா என்றும் பார்த்துக்கொள்ளவேண்டும். காலோடு கழுத்தும் முறுக்கிக்கொண்டு, வெள்ளையாகவோ பச்சையாகவோ கழிந்தால் அது வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம்; முதல் வாரத்தில் கண்ணில் தடுப்புமருந்துச் சொட்டு விடாத குஞ்சுகள் கூண்டோடு போகும். சில வாரம் வளர்ந்தபின் ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக நீட்டிப் படுத்தால் மேரக்ஸ் நோயைச் சந்தேகிக்கவேண்டும். அதற்கான தடுப்பூசியைப் பொரித்த அன்றே போட்டுவிடவேண்டும்.

பெரிய பொரிப்பகங்களில் கால் கோணிய குஞ்சைத் தரம் பிரிக்கும்போதே ஒதுக்கிவிடுவார்கள். ஆயிரக்கணக்கில் பொரிக்கிற இடத்தில் ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்திரி ஒட்ட ஆள் ஏது? வீட்டில் இருபது முட்டை வைக்கிறவருக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லை. ஆனால் அவரும் இப்போது எந்தக் கோளாறுக்கும் மருந்துக்கடைக்கு ஓடி, கால்சியம் புட்டி வாங்கித் தண்ணீரில் ஊற்றுகிறார். வழுக்கிய காலுக்குக் கால்சியம் எதுவும் செய்யாது. பாஸ்பரசோடு சேர்ந்து அளவு மீறினால் குடலில் மாங்கனீஸ் சேர்வதைக்கூட அது கெடுக்கும். பெட்டிக்குள் சொரசொரப்பான துணியோ சாக்கோ விரிப்பதை அடுத்த அடைக்கு முன்பே செய்துவிடலாம். ஒவ்வொரு அடையிலும் விரல் மடங்கிய குஞ்சு வந்தால் முட்டை கொடுத்தவரிடம் தாய்க்கோழிக்கு என்ன தீனி என்று கேட்கவேண்டும். கோழியின் தீனியில் பி2 இல்லையென்றால் முட்டையிலும் இருக்காது. தம்பியிடம் முட்டை வாங்க வருகிறவர்களில் சிலர் இப்போது விலைக்கு முன்னால் இதைத்தான் கேட்கிறார்களாம்.