பட்டறைப் பிள்ளைகளுக்கு ஒரு புதிய எழுத்தறிவு

களியக்காவிளையைக் கடந்து பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை, நெய்யாற்றின்கரை எனச் செல்லும் நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் உள்ள சிற்றூர்களில் நம்மவர் பலர் குடியேறி வாழ்கின்றனர். கையுழைப்பே அவர்தம் மூலதனம். அத்தகைய குடும்பமொன்றில் பிறந்து, பத்தாம் வகுப்பு முடித்துப் பட்டறையில் வேலைக்கு அமர்ந்த பையன் ஒருவனை எண்ணிப் பார்ப்போம். அங்கே கணினியால் இயங்கும் கடைசல் யந்திரம் நிற்கின்றது. பட்டறைக்காரர் அதனை 'சி.என்.சி. லேத்' என்பர். இரும்புத் துண்டை மாட்டுவதும், கடைந்து முடிந்ததை எடுத்துத் துடைத்து அடுக்குவதும் பையனுக்கு இட்ட வேலை. யந்திரத்துக்குக் கட்டளை எழுதுபவர் வேறொருவர். வழிகாட்டுவார் இல்லையேல், ஆண்டுகள் பல கழிந்தாலும் மாட்டுகிறவன் மாட்டுகிறவனாகவே இருந்துவிடுவான். இவ்விருவர்க்கும் இடையே நிற்கும் சுவர் யாது? அதனைத் தாண்ட வழி உண்டா? இதனையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

யந்திரம் அறியும் மொழி

யந்திரத்துக்குக் குறிகளால் கட்டளையிடும் எண்ணம் நெசவுத் தொழிலிலேயே வேரூன்றியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பிரான்சு நாட்டு ஜக்கார்டு என்பார் துளையிட்ட அட்டைகளைக் கொண்டு தறியில் பூவேலை வடிக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். அந்நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் திருவிதாங்கூரில் பாலராம வர்மாவின் ஆட்சியில் சாலியர் குடும்பங்கள் தமிழ்ப் பகுதியிலிருந்து அழைத்து வரப்பட்டு, பாலராமபுரத்தில் தறி நாட்டின. நெய்யாற்றின்கரைக்கு அண்மையிலுள்ள அவ்வூர் இன்றும் கைத்தறிக்குப் பெயர் பெற்று விளங்குகின்றது. தொழிலறிவைச் சுமந்து வந்து இம்மண்ணில் ஊன்றியவர்களுள் நம்மவர் முன்னோர் உண்டு என்பதை இளைஞர் மறத்தலாகாது.

தறிக்கு அட்டை பயன்பட்டதுபோல, 1952ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார், துளையிட்ட காகித நாடாவைக் கொண்டு மில்லிங் யந்திரம் ஒன்றை இயக்கிக் காட்டினர். பின்னர் நாடா போய்க் கணினி வந்தது. ஆயினும் கட்டளையின் இயல்பு பெரிதும் மாறவில்லை. அதற்கு 'ஜி-கோடு' என்று பெயர்.

அம்மொழி கடினமானதன்று. ஜி0 என்றால் உளியை விரைந்து நகர்த்து. ஜி1 என்றால் குறித்த வேகத்தில் நேர்கோட்டில் வெட்டு. ஜி2, ஜி3 என்பன வலஞ்சுழியாகவும் இடஞ்சுழியாகவும் வளைந்து வெட்டு என்பன. எம்3 என்றால் சுழலத் தொடங்கு; எம்5 என்றால் நில். லேத்தில் எக்ஸ் என்பது குறுக்குத் திசை. இசட் என்பது நீளவாட்டுத் திசை. மில்லிமீட்டர்க் கணக்கில், 'ஜி1 இசட்-20 எஃப்100' என்று ஒரு வரி எழுதினால், நீளவாட்டில் -20 என்னும் புள்ளிவரை நிமிடத்துக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் வெட்டிச் செல் என்பது பொருள். இத்தகைய வரிகள் பல சேர்ந்ததே ஒரு பொருளைக் கடையும் நிரல். வரைதாளில் புள்ளி குறிக்கத் தெரிந்த பள்ளிப் பிள்ளை இதனைக் கற்றுக்கொள்ள இயலும்.

விலையின்றிக் கிடைக்கும் கருவி

அங்ஙனமாயின், நம் பிள்ளைகள் இதனை ஏன் எளிதிற் கற்க முடிவதில்லை? யந்திரத்தின் விலை பல இலட்சம்; உரிமையாளர் புதியவனை அதன்மேல் கைவைக்க விடமாட்டார். தனியார் பயிற்சிக்கோ கட்டணம் வேண்டும்.

இத்தடையை நீக்கும் கருவியொன்று பல ஆண்டுகளாகவே உலகில் உள்ளது. 1990களில் அமெரிக்க அரசின் தேசியத் தர, தொழில்நுட்பக் கழகத்தார் யந்திரங்களை இயக்கும் மென்பொருள் ஒன்றை உருவாக்கினர். அரசுப் பணியாகச் செய்யப்பட்டமையின் அது பொதுச்சொத்தாயிற்று. பின்னர்ப் பல நாட்டுத் தன்னார்வலர் அதனை ஏற்று வளர்த்து வருகின்றனர். 2011ஆம் ஆண்டு முதல் அதற்கு 'லினக்ஸ்சிஎன்சி' என்று பெயர். எவரும் விலையின்றிப் பெறலாம்; படி எடுத்துப் பிறர்க்கு வழங்கலாம்; உட்புறத்தைத் திறந்து பார்த்துத் திருத்தவும் செய்யலாம்.

நமக்கு இதிலுள்ள பெரும்பேறு யாதெனில், யந்திரமே இல்லாமல் பழக இடமுண்டு என்பதாம். பாவனை முறையில் இயக்கினால், எழுதிய நிரலின்படி உளி செல்லும் வழி திரையிற் கோடுகளாகத் தோன்றும். ஜி1 எழுத வேண்டிய இடத்தில் ஜி0 எழுதிவிட்டால், உண்மை லேத்தில் உளி முழு வேகத்தோடு இரும்பில் மோதி முறியும். மில்லிமீட்டரைக் குறிக்கும் ஜி21க்கு மாறாக அங்குலத்தைக் குறிக்கும் ஜி20 எழுதிவிட்டால், அளவு 25.4 மடங்கு பிறழும். திரையிலோ இப்பிழைகளால் ஒரு காசும் நட்டமில்லை. பிழை செய்து கற்பதற்கு ஏழை வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்கும் இடம் மிகக் குறைவு; இது அத்தகைய இடம்.

கேரளத்தில் வாழும் நமக்கு மற்றொரு வாய்ப்பும் உண்டு. இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001ஆம் ஆண்டில் தொடங்கி வைக்கப்பட்டது திருவனந்தபுரத்திலேதான். இம்மாநிலப் பள்ளிகளிலும் லினக்ஸ் அடிப்படையிலான இயங்குதளத்தில்தான் பிள்ளைகள் கணினி பயில்கின்றனர். ஆகவே, நம் வீட்டுப் பிள்ளைக்கு லினக்ஸ் என்பது அச்சந்தரும் புதுப்பொருளன்று. பாதிவழி அவன் வந்துவிட்டான். மீதிவழிக்குக் கைபிடித்து நடத்துவார் வேண்டும்.

கற்பிக்கும் முறை

முதற்படி அளவெடுத்தல். வெர்னியர் காலிப்பரைக் கையிற் கொடுத்து, ஒரு போல்ட்டின் விட்டத்தை அளந்து எழுதச் செய்க. இரண்டாவது, அப்பொருளின் வடிவை வரைதாளில் வரைந்து ஒவ்வொரு மூலைக்கும் எண் குறிக்கச் செய்க. மூன்றாவது, அவ்வெண்களைக் கொண்டு ஜி-கோடு வரிகளைத் தாளிலேயே எழுதச் செய்க. இவை முடிந்தபின் கணினி.

கணினியிலும் வரிசை பிறழ்தல் கூடாது. லினக்ஸ்சிஎன்சியின் வழக்கமான திரையில் எஃப்1 விசை அவசர நிறுத்தத்தை விடுவிக்கும். எஃப்2 யந்திரத்துக்கு மின்னிணைப்புத் தரும். அடுத்து ஒவ்வொரு திசைக்கும் தொடக்கப்புள்ளியை நிலைநாட்ட வேண்டும். அதன் பின்னரே நிரலைத் திறந்து ஓட்டுதல். நிறுத்தும் வழியை முதலிற் கற்பித்து, ஓட்டும் வழியைப் பின்னர்க் கற்பிப்பதே முறை. சிவப்புப் பொத்தானுக்குக் கை தானே செல்லும் பழக்கம் பின்னாளில் அவன் விரலைக் காக்கும்.

மும்பை ஐ.ஐ.டி.யின் 'ஸ்போக்கன் டியுடோரியல்' திட்டத்தார், லினக்ஸ் முதலிய கட்டற்ற மென்பொருள்களைக் குறும்படப் பாடங்களாக்கித் தமிழிலும் ஒலிபெயர்த்து வழங்குகின்றனர். படத்தைச் சிறிது பார்த்து நிறுத்தி, கண்டதைத் தன் கணினியில் உடனே செய்து பார்த்தல் அவர்தம் முறை. அதனை நாமும் கைக்கொள்ளலாம். 'உளி', 'விட்டம்', 'வேகம்' என்று தாய்மொழியில் விளக்கிவிட்டால், திரையிலுள்ள ஆங்கிலச் சொல் வெறும் அடையாளமாகிப் பழகிவிடும்.

மறைக்கலாகாத உண்மை

இதனைக் கற்றதும் வேலை காத்திருக்கும் என்று நாம் சொல்லமாட்டோம். பெரிய தொழிற்சாலைகளில் ஃபானுக், சீமென்ஸ் முதலிய நிறுவனத்தாரின் கட்டுப்பாட்டுப் பெட்டிகளே மிகுதி. அடிப்படைக் கட்டளைகள் பெரும்பாலும் ஒத்திருப்பினும், பொத்தான்களும் சில குறிகளும் வேறுபடும். திரையில் வெட்டியவனுக்கு இரும்பின் கடினமும், உளியின் தேய்மானமும், கழிவுச் சுருளின் சூடும் தெரியா. வேலை தருவோர் சான்றிதழும் கேட்பர். ஆதலின் தொழிற்பயிற்சி நிலையத்தில் டர்னர் அல்லது மெஷினிஸ்ட் பிரிவில் சேர்ந்து ஈராண்டு பயில்வதே சிறந்த வழி. தனுவச்சபுரத்திலும், எல்லைக்கு அப்பால் நாகர்கோவிலிலும் அரசு நிலையங்கள் உள்ளன. நாம் கூறும் பயிற்சி அங்குச் செல்பவனுக்கு முன்னறிவாகவும், ஏற்கெனவே பட்டறையில் நிற்பவனுக்கு மேற்படியாகவும் உதவும்.

நாம் செய்யத்தக்கது

ஞாயிற்றுக்கிழமை மாலையில் இரண்டு மணி நேரம்; சங்கத்தில் பழகிய கணினி ஒன்று; வெர்னியர் காலிப்பர் ஒன்று; வரைதாள் கட்டு ஒன்று. தொடங்குவதற்கு இவையே போதும். லேத்தில் கைதேர்ந்த பெரியவர்கள் நம்மிடையே இருக்கின்றனர். கணினி கற்ற கல்லூரி மாணவரும் இருக்கின்றனர். முன்னவர்க்கு இரும்பு தெரியும். பின்னவர்க்குத் திரை தெரியும். இவ்விருவரையும் ஒரே பலகையில் அமர்த்துவது சங்கத்தின் கடமை. பெண்மக்களையும் தவறாது அனுப்புங்கள். கட்டளை எழுதும் வேலைக்குத் தோள்வலி வேண்டுவதில்லை, கணக்கும் பொறுமையுமே வேண்டும்.

பெற்றோர்களே, பட்டறையிலிருந்து திரும்பும் மகனிடம், "இன்று எத்தனை துண்டு மாட்டினாய்?" என்று கேட்கிறோம். "அந்த யந்திரத்துக்கு என்ன எழுதினார்கள்?" என்றும் இனிக் கேட்போமாக. அவன் விடை சொல்ல முயலும் நாளிலேயே கல்வி தொடங்கிவிடும்.