“லெவல் 1” என்றால் என்ன? அமெரிக்காவில் விபத்துச் சிகிச்சை நிலையங்கள் தரம் பெறும் விதம்

அமெரிக்காவில் ஒரு துப்பாக்கிச் சூடோ பெரும் வாகன விபத்தோ நடந்தால், காயமடைந்தவர்கள் “லெவல் 1 ட்ரோமா சென்டருக்கு” கொண்டு செல்லப்பட்டனர் என்ற வரி செய்தியில் தவறாமல் வரும். நம்மில் சிலர் அதை “முதல் தர ஆஸ்பத்திரி” என்று விளங்கிக்கொள்கிறோம். வேறு சிலர் 1 என்றால் ஆரம்ப நிலை என்று நினைக்கிறார்கள். இரண்டாவது எண்ணம் பிழை. முதலாவதும் பாதிதான் சரி. அந்த இலக்கம் கட்டடத்தின் பெருமையைச் சொல்வதல்ல. நள்ளிரவு இரண்டு மணிக்கு அங்கே யார் இருப்பார்கள் என்பதைச் சொல்வது.

ஒரு காலத்தில் அங்கும் காயப்பட்டவரைக் கிட்ட உள்ள ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனார்கள். 1979இல் வெளியான ஓர் ஆய்வு அந்தப் பழக்கத்தை ஆட்டிவிட்டது. கலிபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோவில் காயப்பட்டவர்கள் ஒரே மத்திய நிலையத்துக்குப் போனார்கள். ஒரேஞ்ச் கவுண்டியிலோ அருகிலிருந்த ஏதோ ஒரு வைத்தியசாலைக்குப் போனார்கள். இரு இடங்களிலும் நிகழ்ந்த மரணங்களின் கோப்புகளை ஆராய்ந்தபோது, ஒரேஞ்ச் கவுண்டியில் மூளைக் காயம் அல்லாத மரணங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு தவிர்த்திருக்கக் கூடியவை எனத் தெரியவந்தது. சான் பிரான்சிஸ்கோவில் அப்படிக் கருதப்பட்டது ஒரேயொரு மரணம். கிட்ட இருப்பது போதாது, தயாராக இருக்க வேண்டும் என்பது அதன் பிறகு விவாதத்துக்குரிய விடயமாக இருக்கவில்லை.

தயார் நிலைக்கு அளவுகோல் எழுதுவது அமெரிக்க சத்திரசிகிச்சை நிபுணர் கல்லூரி. 1976இல் முதன்முதலாக வெளியிட்ட அந்த ஏட்டை இன்றுவரை திருத்தித் திருத்தி வெளியிடுகிறது. லெவல் 1, 2 நிலையங்களில் மிகக் கடுமையாகக் காயப்பட்டவர் வரும்போது ட்ரோமா சத்திரசிகிச்சை நிபுணர் 15 நிமிடத்துக்குள் கட்டிலருகே நிற்க வேண்டும். லெவல் 3இல் 30 நிமிடம். வாயால் சொன்னால் போதாது. குறைந்தது 80 வீதமான சந்தர்ப்பங்களில் அப்படி வந்தார் என்பதைப் பதிவுகளால் காட்ட வேண்டும்.

அப்படியானால் 1க்கும் 2க்கும் என்ன வித்தியாசம்? நோயாளிக்குக் கிடைக்கும் சிகிச்சையில் பெரிய வித்தியாசம் எதிர்பார்க்கப்படுவதில்லை. லெவல் 1 நிலையம் வருடத்துக்குக் குறைந்தது 1200 காயப்பட்டவர்களை, அல்லது கடுங்காயம் பட்ட 240 பேரை அனுமதித்திருக்க வேண்டும். ஆராய்ச்சி செய்ய வேண்டும், இளம் வைத்தியர்களைப் பயிற்றுவிக்க வேண்டும். லெவல் 3இல் சத்திரசிகிச்சை உண்டு, எலும்பு முறிவுச் சிகிச்சை உண்டு. நரம்பியல் சத்திரசிகிச்சை கட்டாயமில்லை. லெவல் 4, 5 பெரும்பாலும் கிராமப்புறங்களில். இரத்தப்போக்கை நிறுத்தி, சுவாசப் பாதையைக் காத்து, தாமதிக்காமல் மேல் நிலையத்துக்கு அனுப்புவதே அவற்றின் வேலை. அதைச் சிறிய வேலை என்று நினைக்க வேண்டாம். அங்கே தவறினால் லெவல் 1இல் இருக்கும் நிபுணரால் ஒன்றும் செய்ய முடியாது.

இனி, சான்றிதழ் யார் கொடுப்பது? இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். ஒரு வைத்தியசாலையை ட்ரோமா நிலையமாகப் பிரகடனம் செய்யும் அதிகாரம் மாநில அல்லது உள்ளூர் அரசுக்கு உரியது. கல்லூரி செய்வது சரிபார்த்தல் மட்டுமே. வைத்தியசாலை தானாக விண்ணப்பிக்க வேண்டும். அனுபவமுள்ள நிபுணர்கள் பரிசீலனைக்கு வருவார்கள். அவர்கள் முக்கியமாகத் தேடுவது மரணக் கோப்புகளை: இவர் ஏன் இறந்தார், நீங்கள் அதை விசாரித்தீர்களா, பிறகு எதை மாற்றினீர்கள்? கிடைக்கும் சான்று மூன்று வருடங்களுக்குத்தான். சில மாநிலங்கள் அதை ஏற்றுப் பிரகடனம் செய்யும். பென்சில்வேனியா போன்றவை தமக்கென வேறு பரிசீலனை அமைப்பை வைத்திருக்கின்றன. அதனால் ஒரு மாநிலத்தின் லெவல் 3 இன்னொரு மாநிலத்தின் லெவல் 3க்கு அப்படியே சமமாகாது.

இதனால் பயன் உண்டா? 2006இல் வெளியான ஒரு பெரிய ஆய்வின்படி, ட்ரோமா நிலையத்தில் சிகிச்சை பெற்றவர்கள் ஒரு வருடத்துக்குள் இறக்கும் அபாயம் மற்ற வைத்தியசாலைகளில் சிகிச்சை பெற்றவர்களை விட 25 வீதம் குறைவு.

ஆனால் தரம் எங்கே உருவாகும் என்பதைத் தேவை மட்டும் தீர்மானிப்பதில்லை. சிக்காகோ பல்கலைக்கழக வைத்தியசாலை 1988இல் வளர்ந்தோருக்கான ட்ரோமா பிரிவை மூடியது. நட்டம் ஒரு காரணம். அது அமைந்திருக்கும் தென்பகுதி, துப்பாக்கிச் சூடு மலிந்த, பெரும்பாலும் கறுப்பின மக்கள் வாழும் இடம். 2010இல் அந்த வைத்தியசாலைக்குச் சில தெருக்கள் தள்ளிச் சுடப்பட்ட ஓர் இளைஞர், பல மைல் தூரத்திலிருந்த வேறொரு நிலையத்துக்குக் கொண்டு செல்லப்பட்டு இறந்தார். சிறுவர்களுக்கான ட்ரோமா பிரிவு அருகிலேயே இருந்தது. அவருக்கோ வயது 18. அவருடைய தாயும் நண்பர்களும் அயலவர்களும் வருடக்கணக்காகப் போராடினார்கள். 2018 மே மாதம் அங்கே வளர்ந்தோருக்கான லெவல் 1 நிலையம் திறக்கப்பட்டது.

நமது நாட்டில் ஆதார வைத்தியசாலை ஏ, பி என்றும் போதனா வைத்தியசாலை என்றும் இருக்கும் வகைகளை இந்த இலக்கங்களோடு பொருத்திப் பார்க்கக் கூடாது. அவை வைத்தியசாலை முழுவதையும் வகைப்படுத்துபவை. விபத்துச் சிகிச்சையின் தயார் நிலையை அளப்பவை அல்ல. ஊர் ஆஸ்பத்திரியைத் தரமுயர்த்தித் தருவதாகத் தேர்தல் மேடையில் யாராவது சொன்னால், நான் கேட்க விரும்புவது பெயர்ப்பலகையைப் பற்றியல்ல. இரவு ட்யூட்டியில் சத்திரசிகிச்சை நிபுணர் இருப்பாரா, மயக்க மருந்து நிபுணர் இருப்பாரா, இரத்த வங்கி திறந்திருக்குமா, கடந்த வருடம் விபத்தில் இறந்தவர்களின் கோப்புகளை யாராவது திறந்து பார்த்தார்களா?