மலையில் இருந்து பாயும் சைக்கிள்!
பிரேக்கில் புகை வந்த கதை

கனடா நாட்டில் விஸ்லர் என்ற மலை இருக்கிறது. குளிர்காலத்தில் அங்கு பனிச்சறுக்கு விளையாடுவார்கள். கோடைகாலத்தில்? சைக்கிள்தான்!

இதற்கென்றே 1999-ம் ஆண்டில் அங்கு ஒரு சைக்கிள் பூங்கா திறந்தார்கள். கம்பியில் தொங்கிச் செல்லும் நாற்காலி, ஆளை மலைமேல் ஏற்றிவிடும். சைக்கிளும் கூடவே போகும். பிறகு பாறை, பள்ளம், மரவேர் எல்லாவற்றையும் தாண்டிக் கீழே பாய வேண்டும்!

கிரீஸ் எரிந்தது

இந்த விளையாட்டு வளர்ந்த இடங்களில் ஒன்று அமெரிக்காவில் உள்ள கலிபோர்னியா. 1976-ம் ஆண்டு அக்டோபர் மாதம், வாலிபர்கள் சிலர் அங்கே ஒரு மலைப்பாதையில் பந்தயம் விட்டார்கள். பாதையின் நீளம் சுமார் 3 கிலோமீட்டர். இறக்கமோ 400 மீட்டர்!

அவர்களிடம் இருந்தவை பழைய சைக்கிள்கள். பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் பின்சக்கரத்தில் பிரேக் பிடிக்கும். மிதித்து மிதித்து, சூட்டில் உள்ளே இருந்த கிரீஸ் புகையாகப் போய்விட்டது! மறுபடியும் கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். அதனால் அந்தப் பாதைக்கே "ரீபேக்" என்று பெயர் வந்தது. "மறுபடியும் அடைப்பது" என்று அர்த்தம்.

எடை எதற்கு?

இன்றைய சைக்கிளின் முன் போர்க், அடி விழுந்தால் சுமார் 20 சென்டிமீட்டர் உள்வாங்கும். பின்சக்கரத்துக்கும் ஸ்பிரிங் உண்டு. எண்ணெய் அழுத்தத்தால் வேலை செய்யும் டிஸ்க் பிரேக்கை ஒரே விரலால் பிடிக்கலாம். டயர் தடிமனானது.

எடை சுமார் 16 கிலோ! மேலே ஏற்றுவது நாற்காலி. ஆகவே எடை பாரமில்லை, உறுதிதான் முக்கியம்.

ஆனாலும் ஏறும் முன் பிரேக், டயர், நட்டு, போல்ட்டுகளைப் பார்க்க வேண்டும். முகத்தை மூடும் ஹெல்மெட்டும் வேண்டும்.

நினைத்த இடத்தில் நிற்கும் சைக்கிளே நல்ல சைக்கிள்!