ஜெராக்ஸ் மெஷின் நின்றால் மோட்டார் போச்சுன்னு அர்த்தமில்லை

ஜெராக்ஸ் கடை நடத்தும் குழுச் சகோதரிகளே! மெஷின் கடகடன்னு சத்தம் போட்டால் உடனே மோட்டார் மாற்றச் சம்மதிக்காதீங்க. மோட்டார் ஓடுது, ரோலர் மட்டும் சுற்றவில்லை என்றால், பெரும்பாலும் பல் தேய்ந்த பிளாஸ்டிக் கியர் அல்லது கிளட்ச்தான் காரணம்; செலவும் குறைவு.

பேப்பர் எங்கே நிற்குதுன்னு பாருங்க. ட்ரேயை விட்டே கிளம்பலைன்னா ரப்பர் ரோலர் வழுக்குது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஈரத்துணியால் ரோலரைத் துடைத்துக் காயவிட்டாலே பல நேரம் சரியாகும். பியூசர் பக்கம் சிக்கினால் நன்றாக ஆறின பிறகே கை வைக்கணும். அங்கே கொதிக்கிற தண்ணீரைவிடச் சூடு அதிகம். பேப்பரை அது ஓடும் திசையிலேயே மெதுவாக இழுங்க. எதிர்ப்பக்கம் வெடுக்கென்று இழுத்தால் கியர் பல் உடையலாம்.

தையல் மெஷின் எண்ணெய் விடவே கூடாது (நம்மில் பலருக்கு அந்தக் கை வரும்!). ரப்பரில் பட்டால் இன்னும் வழுக்கும். மெக்கானிக் கழற்றின பழைய கியரைக் கேட்டு வாங்கிப் பாருங்க.