சாரல் நிற்கட்டும் என்று தடுப்பூசியைத் தள்ளாதீர்கள்

தென்காசி, குற்றாலம் பக்கம் சாரல் இறங்கிவிட்டால் கைக்குழந்தையை வெளியே தூக்கப் பயப்படுகிறார்கள். பிறந்ததும் போட்டாயிற்றே, மிச்சத்தை ஆவணியில் பார்க்கலாம் என்கிறார்கள். ஒரு தடுப்பு மருந்து இன்னொன்றுக்கு ஈடு என்ற நினைப்பே இந்தத் தாமதத்துக்கு வேர்.

ஏன் இத்தனை வழி?

பிறந்த குழந்தைக்கு பி.சி.ஜி. இடது மேல்கைத் தோலுக்குள், ஹெபடைடிஸ் பி தொடைத் தசையில், போலியோ சொட்டு வாயில். மருந்து போகும் வழியைப் பொறுத்தே உடல் எந்த இடத்தில் கிருமியை நினைவு வைக்கும் என்பது அமைகிறது. போலியோ கிருமி பெருகுவது குடலில். அங்கே காவலை எழுப்புவது சொட்டு மருந்து. அப்படியானால் சொட்டே போதாதா? போதாது. நம் நாட்டுக் குழந்தைகள் பலருக்கு மூன்று தவணை கொடுத்தும் எதிர்ப்புச் சக்தி வருவதில்லை என்று வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் டி. ஜேக்கப் ஜான் 1970களிலேயே எச்சரித்தார். ஊசி மட்டும் போட்டால்? ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் ஏறும், குடல் பெரிதாகக் கற்றுக்கொள்ளாது. ஆனால் முன்பே சொட்டு பெற்ற குழந்தைகளுக்கு ஓர் ஊசி போட்டதும் குடலின் காவலும் வலுத்ததை 2014இல் லான்செட் இதழில் வந்த வேலூர் ஆய்வு காட்டியது. சொட்டு பதித்த நினைவை ஊசி உசுப்பிவிடுகிறது. ஆகவே 6, 14ஆம் வாரங்களில் வலது மேல்கைத் தோலிலும் 9ஆம் மாதத்தில் இடது மேல்கைத் தோலிலும் போடும் 0.1 மி.லி. போலியோ ஊசியைச் சொட்டு கொடுத்தாயிற்று என்று விட்டுவிட முடியாது.

கைவைத்தியம் வேண்டாம்

பி.சி.ஜி. போட்ட இடம் சில வாரங்களில் தடித்து, சீழ் கட்டி, தானே ஆறும். தோலுக்குள் மருந்து வேலை செய்வதன் அடையாளம் அது. அதில் மஞ்சள், விபூதி, மருந்துக்கடைப் பவுடர் எதையும் வைக்காதீர்கள். அக்குளில் கட்டி வந்தால் மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள். தழும்பு விழவில்லை என்று மறுபடி போடவும் தேவையில்லை. தொடை வீங்கினால் எண்ணெய் தேய்த்து நீவாதீர்கள். சொட்டு மருந்துக்குப் பின் அரை மணி நேரம் பால் கொடுக்கக் கூடாது என்று யார் சொன்னது? தாராளமாகக் கொடுக்கலாம். கல்லில் இழைத்துப் புகட்டும் உரைமருந்து வயிற்றுக்கு நல்லது என்பவர்களோடு வாதாட இங்கே இடமில்லை; அது எந்தக் கிருமியையும் உடலுக்கு அறிமுகப்படுத்தாது, சுத்தமில்லாத உரைகல்லிலிருந்து வயிற்றுப்போக்கைத்தான் தரும். போலியோ ஒழிந்துவிட்டதே என்பார்கள். போலியோ இல்லாத நாடு என்று இந்தியா 2014 மார்ச் 27இல் சான்று பெற்றது உண்மை. ஆனால் பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் கிருமி இன்னும் உலவுகிறது; அங்கிருந்து இங்கே திரும்பி வரலாம்.

24 மணி நேரத்துக்குள்

கர்ப்பத்தில் ஹெபடைடிஸ் பி ரத்தப் பரிசோதனை உண்டு. முடிவு எதுவானாலும் குழந்தைக்கு முதல் ஊசி 24 மணி நேரத்துக்குள் போட வேண்டும். பிரசவத்தில் தாயிடமிருந்து தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது நாள்பட்ட நோயாகத் தங்கிவிடும். நல்ல நாள் பார்க்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். ஆறாம் வாரம் தவறிவிட்டதா? துண்டைப் போர்த்தி, குடை பிடித்து, இந்தப் புதன்கிழமையே துணை சுகாதார நிலையத்துக்குத் தூக்கி வாருங்கள். முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட தவணையிலிருந்தே போடுவார்கள்.