படம் நின்றால் சமாளிக்கலாம், குரல் நின்றால்?

வானொலியில் எங்களுக்குப் படம் கிடையாது, குரல் மட்டும்தான். அந்தக் குரல் சில விநாடிகள் நின்றுபோனாலே நேயர்கள் வேறு அலைவரிசைக்குப் போய்விடுவார்களோ என்ற பயம் எல்லாப் படைப்பாளர்களுக்கும் உண்டு. அதனாலோ என்னவோ, நண்பர்கள் தங்கள் அலுவலகக் காணொளிச் சந்திப்புகளைப் பற்றிப் பேசும்போது நான் முதலில் கேட்பது, "குரல் ஒழுங்காகக் கேட்கிறதா?" என்றுதான். பெரும்பாலும் பதில் ஒரு சிரிப்புதான்.

சிங்கப்பூரில் 2020 ஏப்ரல் 7ஆம் தேதி கொவிட்-19 அதிரடித் திட்டம் தொடங்கியபோது, நிறுவனங்கள் கையில் கிடைத்ததை வைத்து ஜூம், டீம்ஸ் என்று அவசரமாகத் தாவின. அன்று அதைத் திட்டமிட யாருக்கும் நேரமில்லை. ஆனால், அந்த அவசர ஏற்பாடே பல இடங்களில் நிரந்தரமாகிவிட்டது. இன்று பாதிப் பேர் அலுவலகத்தில், மீதிப் பேர் வீட்டில், ஒரு கிளை ஜொகூரில், இன்னொன்று சென்னையில். சந்திப்பின் முதல் ஐந்து நிமிடம் இன்னமும் "கேக்குதா? கேக்குதா?" என்றே போகிறது.

இதைச் சரிசெய்யும் வேலையையே தொழிலாகக் கொண்டவர் என் பெரியம்மா மகள். சரக்குப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றில் கணினிக் கட்டமைப்பைப் பார்த்துக்கொள்கிறார். "அக்கா, நல்ல கேமரா வாங்கிப் போட்டால் சரியாகிவிடுமா?" என்று கேட்டேன். "கேமராவ விடு தம்பி. ரோடு குண்டும் குழியுமா இருக்கும்போது புதுக் காரு வாங்கி என்ன செய்ய?" என்றார். அவர் விளக்கியதையும் நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

நெட்ஃபிளிக்ஸ் ஓடுகிறதே!

பலருக்கும் வரும் சந்தேகம் இது. வீட்டில் படம் தடங்கலின்றி ஓடுகிறது. அதே இணையத்தில் சந்திப்பு மட்டும் ஏன் திக்குகிறது?

படம் ஏற்கெனவே எடுத்து வைத்தது. உங்கள் தொலைக்காட்சி அதில் அடுத்து வரும் பகுதியை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்கிறது. இணையம் சற்று நேரம் தடுமாறினாலும் கையிருப்பு இருப்பதால் உங்களுக்குத் தெரியாது. பேச்சில் அப்படி முடியாது. நீங்கள் இன்னும் பேசாத சொல்லை எவராலும் முன்கூட்டியே இறக்கி வைக்க இயலாது.

குரலும் படமும் சின்னச் சின்னப் பொட்டலங்களாக வெட்டப்பட்டு அனுப்பப்படுகின்றன. ஒரு மின்னஞ்சலின் பொட்டலம் தொலைந்தால் கணினி அதை மறுபடியும் கேட்டு வாங்கிக்கொள்ளும். குரலின் பொட்டலம் தொலைந்தால், அதைக் கேட்டு வாங்குவதற்குள் பேச்சு அடுத்த வாக்கியத்துக்குப் போயிருக்கும். ஆகவே பார்க்க வேண்டியவை வேகத்தோடு சேர்த்து இன்னும் மூன்று: பொட்டலம் போய்ச் சேரும் தாமதம், அந்தத் தாமதம் கூடிக் குறையும் தடுமாற்றம், வழியில் தொலையும் அளவு.

தாமதத்துக்கு அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஓர் அளவு சொல்கிறது. ஒருவர் வாயிலிருந்து மற்றவர் காதுக்குக் குரல் 150 மில்லிவிநாடிக்குள் சேர்ந்தால், பெரும்பாலான உரையாடல்கள் இயல்பாக இருக்கும். அதைத் தாண்டிப் போகப்போக, ஒருவர் பேசி முடித்தாரா இல்லையா என்று தெரியாமல் இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்குவார்கள். தொலையும் பொட்டலங்கள் 100க்கு ஒன்றுக்குக் கீழும், தடுமாற்றம் 30 மில்லிவிநாடிக்குக் கீழும் இருக்க வேண்டும் என்பது பொறியாளர்கள் வழக்கமாக வைத்துக்கொள்ளும் கணக்கு.

கடல் மீது பழி போடாதீர்கள்

"சென்னை தூரம், அதனால்தான் அப்படி" என்று சொல்வது எளிது. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 2002ஆம் ஆண்டு போடப்பட்ட கடலடிக் கம்பிவடத்தின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 200,000 கிலோமீட்டர் போகும். அப்படியானால் கடலைக் கடக்க 16 மில்லிவிநாடி போதும். 150இல் மீதி எங்கே கரைகிறது? பெரும்பாலும் இரு முனைகளிலும் உள்ள அலுவலகங்களுக்குள்தான்.

அக்காவின் நிறுவனத்தில் அப்படித்தான் நடந்திருக்கிறது. வெளியூர் ஊழியர்களின் இணையப் போக்குவரத்து முழுவதும் பாதுகாப்புக்காக விபிஎன் வழியாகச் சிங்கப்பூர்த் தலைமையகத்துக்கு வந்து, அங்கிருந்துதான் வெளியே போகும்படி அமைத்திருந்தார்கள். சென்னையில் பக்கத்து மேசைக்காரர்கள் இருவர் காணொளியில் பேசினாலும், அவர்கள் குரல் கடல் தாண்டி வந்து திரும்பிப் போகும். காணொளிச் செயலியின் குரலும் படமும் ஏற்கெனவே மறையாக்கம் செய்யப்பட்டே போவதால், அவற்றை மட்டும் நேரடியாக இணையத்துக்கு விட்டுவிட்டு, கோப்புகளையும் கணக்குகளையும் விபிஎன்னிலேயே வைத்தார்கள். இந்தப் பிரிப்புக்கு ஒரு வெள்ளி செலவில்லை.

இன்னொன்று, தீச்சுவர் எனப்படும் பாதுகாப்பு அரண். காணொளிச் செயலிகள் விரும்பிப் பயன்படுத்தும் யுடிபி வழியை அது அடைத்துவிட்டால், செயலி வேறு வழியில் சமாளித்துக்கொள்ளும். சந்திப்பு நடக்கும்; ஆனால் தரம் குறையும். ஏன் என்று யாருக்கும் புரியாது.

முதலில் கணக்கு, பிறகு செலவு

ஓர் அலுவலகத்தில் 50 பேர் இருக்கிறார்கள். அவர்களில் 20 பேர் ஒரே நேரத்தில் காணொளியில் இருப்பார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு விநாடிக்கு 2 மெகாபிட் என்றால் போக 40, வர 40. குரலுக்கு மட்டும் என்றால் ஆளுக்கு 100 கிலோபிட் கூடத் தேவைப்படாது. நம் ஊர்க் கண்ணாடி இழை இணைப்புக்கு இது பெரிய சுமையே இல்லை.

அப்படியிருந்தும் ஏன் திக்குகிறது? மாதச் சராசரியைப் பார்த்தால் விடை கிடைக்காது. திங்கட்கிழமை காலை 10 மணிக்குப் பாருங்கள். எல்லாக் குழுக்களின் வாரச் சந்திப்பும் அப்போதுதான். அதே நேரத்தில் யாரோ பெரிய கோப்புகளை மேகக் கணிமைக்கு ஏற்றுகிறார்கள். கணினிகள் புதுப்பிப்புகளை இறக்குகின்றன. அந்த ஐந்து நிமிட நெரிசலில்தான் குரல் உடைகிறது. ஆகவே, எதையும் வாங்குவதற்கு முன் குறைந்தது இரண்டு வாரம், ஒவ்வொரு கிளையிலும், பரபரப்பான நேரங்களில் அளந்து பார்க்க வேண்டும்.

நெரிசலுக்கு மருந்து, சாலையை அகலப்படுத்துவது மட்டுமல்ல. காலை நேரத்தில் கார்கள் வரிசையில் நிற்க, பேருந்து தன் தடத்தில் போய்க்கொண்டே இருக்கிறதல்லவா? அதைப்போல, குரல் பொட்டலங்களுக்கு ஓர் அடையாளக் குறி இட்டு, நெரிசல் வந்தால் அவற்றை முதலில் அனுப்பும்படி கருவிகளுக்குச் சொல்லிவைக்கலாம். குரலுக்கு 46, படத்துக்கு 34 என்று அந்தக் குறிகளுக்கு எண்களே உண்டு. முதலில் குரல், அடுத்து படம், பிறகு மற்றவை. பொது இணையத்தில் இந்தக் குறிகளை யாரும் மதிப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. நிறுவனத்தின் சொந்தக் கட்டமைப்புக்குள், எல்லாக் கருவிகளிலும் ஒரே மாதிரி அமைத்தால் நன்றாக வேலை செய்யும்.

வைஃபையையும் மறக்கக்கூடாது. பழைய 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் மூன்றே. அக்கம்பக்கத்து நிறுவனங்கள், புளூடூத், பான்ட்ரியில் உள்ள மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அங்கேதான் இடிபடுகின்றன. மடிக்கணினிகளை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். சந்திப்பு அறைக் கருவிக்குக் கம்பி இணைப்பே கொடுங்கள்.

அறைக்கும் காது உண்டு

இது என் பேட்டை. எங்கள் ஒலிப்பதிவுக் கூடத்தின் சுவர்கள் எல்லாம் மெத்தை போட்டவை. அலுவலகச் சந்திப்பு அறைகளிலோ கண்ணாடிச் சுவர், வழவழப்பான மேசை, வெறுந்தரை. குரல் எதிரொலித்துக் குளியலறைப் பாட்டு மாதிரி ஆகிவிடுகிறது. ஒரு தரைவிரிப்பும் திரைச்சீலையும் விலையுயர்ந்த கேமராவைவிட அதிகம் உதவும். ஒலிவாங்கிக்கும் வாய்க்கும் உள்ள தூரம் இரட்டிப்பானால் குரலின் அளவு சுமார் 6 டெசிபல் குறையும். அறையின் இரைச்சல் குறையாது. மேசைக் கோடியில் உள்ளவருக்கும் அருகில் ஓர் ஒலிவாங்கி வேண்டும்.

நிகழ்ச்சிக்கு அழைக்கும் நேயர்களிடம், "உங்கள் வானொலியின் ஒலியைக் குறைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்வோம். சந்திப்பிலும் அதே விதிதான். ஒரே அறையில் இருவர் தனித்தனி மடிக்கணினியில் சேர்ந்தால், ஒன்றின் ஒலிபெருக்கி மற்றதன் ஒலிவாங்கிக்குள் போகும். ஓர் அறைக்கு ஒரு கருவி மட்டும் பேசட்டும்.

மோசமான கிளையில் தொடங்குங்கள்

புதிய ஏற்பாட்டைத் தலைமையகத்தில், மேலாளர் அறையில் சோதித்துப் பார்த்து "வெற்றி" என்று அறிவிப்பது வழக்கம். அங்கே எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். இணைப்பு பலவீனமான துவாஸ் கிடங்கு, ஜொகூர் கிளை, தொழில்நுட்பத்தை விரும்பாத கணக்குப் பிரிவு அண்ணன், இவர்களோடு மூன்று நான்கு வாரம் ஓட்டிப் பாருங்கள். அங்கே தேறினால் எங்கும் தேறும். ஒலிவாங்கியை எங்கே அடைப்பது, திரையை எப்படிப் பகிர்வது என்று அரை மணி நேரம் நேரில் சொல்லிக்கொடுங்கள். சிக்கல் வந்தால் யாரை அழைப்பது என்ற எண்ணை அறையிலேயே ஒட்டிவையுங்கள்.

பாதுகாப்பும் திட்டத்தின் தொடக்கத்திலேயே வரவேண்டும். 2020 ஏப்ரலில் வீட்டிலிருந்து கற்றல் வகுப்பு ஒன்றுக்குள் அந்நியர்கள் புகுந்ததை அடுத்து, ஆசிரியர்கள் ஜூம் பயன்படுத்துவதைக் கல்வி அமைச்சு தற்காலிகமாக நிறுத்தியது நினைவிருக்கும். கடவுச்சொல், காத்திருப்பு அறை இரண்டும் கட்டாயம். சந்திப்பைப் பதிவு செய்வதென்றால் முதலில் சொல்லிவிடுங்கள். அதில் உள்ள முகமும் குரலும் தனிப்பட்ட தரவு.

யாருடைய குரல் கேட்கவில்லை?

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்கலாம். ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று என்னை யோசிக்க வைத்தது. இணைப்பில் தாமதம் இருந்தால், மக்கள் இணைப்பைக் குறை சொல்வதில்லையாம். எதிர்முனையில் இருப்பவர் கவனமில்லாதவர் என்று எண்ணத் தலைப்படுகிறார்களாம்.

அக்காவின் நிறுவனத்தில் சென்னைக் குழுவுக்கு "அமைதியான டீம்" என்ற பெயர் இருந்ததாம். கருத்துச் சொல்ல வாயெடுப்பார்கள். குரல் போய்ச் சேர்வதற்குள் இங்கே யாராவது அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்கள். கட்டமைப்பைச் சரிசெய்த பிறகு, "அவங்க அமைதியானவங்க இல்ல தம்பி, நாமதான் கேக்காம இருந்திருக்கோம்" என்றார் அக்கா.

பதவி உயர்வும் திட்டப் பொறுப்பும் சந்திப்பில் யார் என்ன பேசினார்கள் என்பதை வைத்தே பலமுறை முடிவாகின்றன. உடைந்த குரலோடு பேசும் இளையர், தன் தவறில்லாமலேயே பின்தங்கிவிடலாம். உங்கள் அடுத்த சந்திப்பில் யாராவது தயங்கிப் பேசினால், அவர் திறமையை எடைபோடுவதற்கு முன் ஐடி பிரிவுக்கு ஒரு தகவல் அனுப்புங்கள்: எந்த நாள், எத்தனை மணி, எந்தக் கிளை. அந்த மூன்று விவரம் இருந்தால், அவர்கள் தேடத் தொடங்குவதற்கு அது போதும்.